இப்போது பேசாதே என்பவர்களுக்கு

தேர்தல் வந்தால் நம் லயங்களுக்கு இரண்டு வகை விருந்தாளிகள் வருகிறார்கள். முதல் வகையினர் வேட்பாளர்கள். ஜீப்பிலே ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, மற்ற நாட்களில் நம்மிடம் பேசாத நல்ல தமிழில் பேசிக்கொண்டு, குண்டளையிலிருந்து மறையூர் வரை ஒரு டிவிஷன் விடாமல் ஏறி இறங்குகிறார்கள். இவர்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது வகையினர் நம் நண்பர்கள். படித்தவர்கள், முற்போக்காளர்கள், மதவெறியை வெறுப்பவர்கள், நம் பிள்ளைகளிலேயே கல்லூரி வரை போய் வந்தவர்கள். இவர்கள் ஒலிபெருக்கி வைத்துக்கொள்வதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கட்டன்சாயா குடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்கிறார்கள்: “நீங்கள் சொல்வதெல்லாம் நியாயந்தான். ஆனால் இப்போது பேச வேண்டாம். எதிரி அதைப் பயன்படுத்திக்கொள்வான். தேர்தல் முடியட்டும்.”

இந்தக் கட்டுரை அந்த நண்பர்களுக்காக. வேட்பாளர்களுக்கு அல்ல.

முடியட்டும், முடியட்டும் என்று எத்தனை தேர்தல்களை நாம் முடித்து அனுப்பியிருக்கிறோம்! 1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்துக்கு இந்தத் தேவிகுளம் தொகுதியிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வெற்றிபெற்றார். அந்தத் தேர்தல் செல்லாது என்றாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. நூற்றிருபத்தாறு பேர் கொண்ட சபையில் கட்சிக்கு அறுபது இடம். சுயேச்சைகள் ஐவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற மந்திரிசபை. ஒரே ஓர் இடம் போனாலும் பயம். ஆகவே மாநிலத்தின் தலைவர்களெல்லாம் மலையேறினார்கள். தமிழிலே பாட ஆள் வேண்டுமென்று பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசனை அழைத்தார்கள். அவரோடு வந்த தம்பி ராசையாவைப் பிற்காலத்தில் உலகமே இளையராஜா என்று அறிந்தது. பாட்டு நம் காதில் விழுந்தது. வாக்கு அவர்கள் பெட்டியில் விழுந்தது. ரோசம்மா மீண்டும் வென்றார். அந்த அரசு நிலச்சீர்திருத்தம் போன்ற பெரிய காரியங்களைத் தொடங்கிய அரசு என்பதை நாம் மறுக்கவில்லை. நம் பாட்டன்மார் அதற்கு மனமறிந்துதான் வாக்களித்தார்கள். ஆனால் குத்தகை நிலத்தில் நின்றவனுக்கு நிலம் கிடைத்த அந்தக் காலம் கடந்தும், லயத்திலே நின்றவனுக்கு ஒரு செண்டு கிடைக்கவில்லை என்ற கணக்கையும் சேர்த்து எழுத வேண்டுமல்லவா?

நண்பர்களின் ஆலோசனை பொய் என்பதற்கு நம் கையிலேயே சாட்சி இருக்கிறது. அது 2015.

அந்த ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில், கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண்கள் மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். போனஸ் இருபது சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது என்பது உடனடிக் காரணம். நாள் கூலி 232 ரூபாய் என்பது நெடுங்காலக் காரணம். சங்கத் தலைவர்கள் என்று வந்த ஆண்பிள்ளைகளை அவர்கள் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அப்போது பிறந்தது. இந்தப் பெண்களில் பலருடைய கணவன்மார் ஏதாவது ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள். சிலர் பொறுப்பிலும் இருந்தவர்கள். காலையில் சாலை மறியலுக்குப் போகிற மனைவி, சங்க ஆபீசுக்குப் போகிற புருஷன், இருவருக்கும் ஒரே அடுப்பில் சோறு. அந்த ஒன்பது நாட்கள் நம் வீடுகளில் நடந்த பேச்சுவார்த்தை திருவனந்தபுரத்தில் நடந்ததைவிடக் கடினமானது. “உள்ளாட்சித் தேர்தல் வருகிற நேரத்தில் கட்சியைக் காட்டிக்கொடுக்கிறீர்களா?” என்ற கேள்வி அப்போதும் வந்தது. கேட்டவர்கள் முதலாளிகளல்லர், வீட்டுக்காரர்கள்!

பெண்கள் எழுந்திருக்கவில்லை. கொடுத்த போனசும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து இருபது சதவீதம் வந்தது. கூலிக்காக மீண்டும் அக்டோபரில் உட்கார்ந்தார்கள். அந்த மாத நடுவில் 301 ரூபாய் என்று முடிவானது. கேட்டது ஐந்நூறு, கிடைத்தது முந்நூற்றொன்று. குறைவுதான். ஆனால் நவம்பர் 2ஆம் தேதி இடுக்கியில் உள்ளாட்சி வாக்குப்பதிவு. மந்திரிகளும் எதிர்க்கட்சித் தலைவரும் முந்திக்கொண்டு அந்தப் பெண்களைத் தேடி வந்ததற்கும் அந்தத் தேதிக்கும் சம்பந்தம் இல்லையென்று எவராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். தேர்தல் முடியட்டும் என்று காத்திருந்திருந்தால் 232தான் நின்றிருக்கும். அடுத்த ஆண்டு நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறோம். 2016 சட்டமன்றத் தேர்தலில் பெம்பிளை ஒருமை தனியாக ஒரு வேட்பாளரை நிறுத்தியது. வாக்கு ஆயிரத்தை எட்டவில்லை. உடனே நண்பர்கள் சிரித்தார்கள். 2017 ஏப்ரலில் இதே மாவட்டத்தைச் சேர்ந்த மந்திரி எம். எம். மணி அந்தப் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசினார். அப்போது தேர்தல் இல்லை. எத்தனை முற்போக்கு நண்பர்கள் மூணாறில் போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்தார்கள்? எதிரி பயன்படுத்திக்கொள்வான் என்ற காரணம் தேர்தலில்லாத காலத்துக்கும் செல்லுபடியாகிறது போலும்.

பெட்டிமுடியை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். அவர்களில் நால்வரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் மாலை கரிப்பூரில் விமானம் விழுந்தது. அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு பத்து லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம். முதலமைச்சர் கரிப்பூருக்கு மறுநாளே போனார். பெட்டிமுடிக்கு ஒரு வாரம் கழித்து வந்தார். விமானத்தில் இறந்தவர்களிடம் நமக்கென்ன பகை? அவர்களும் வயிற்றுப்பாட்டுக்காக வெளியே போன மக்கள்தாம். கேள்வி அதுவல்ல. ஓர் உயிரின் விலை எதை வைத்துப் போடப்பட்டது என்பதே கேள்வி. எட்டு மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். “இதைத் தேர்தலுக்கு இழுக்காதீர்கள், பிணத்தின்மேல் அரசியல் செய்வதாகும்” என்றார்கள். பிணத்தின்மேல் மண் விழுந்ததே அரசியலால்தான் என்று நாம் சொல்ல வேண்டியிருந்தது.

எந்த விஷயங்களைப் பேசாதே என்கிறார்கள் என்பதையும் பார்ப்போம். ‘சொந்த விஷயம்’ என்று அவர்கள் ஒதுக்குகிறவற்றை. வீடு, கல்யாணம், பிள்ளையின் படிப்பு, கிழவன் கிழவி எங்கே சாவது என்பது. மதச்சார்பின்மை, கூட்டாட்சி, மத்திய அரசின் வஞ்சனை ஆகியவை அரசியல். இவை குடும்பக் கதை!

வீட்டை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தில் வேலை இருக்கும்வரை லயம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். நாலு தலைமுறை பிறந்து வளர்ந்த அறையாயிருந்தாலும் அது கம்பெனி அறை. ஆகையால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளையைத் தோட்டத்துக்கு நேர்ந்து விடுகிறது. அவன் பி.காம். படித்திருந்தாலும், அவள் செவிலியர் படிப்பு முடித்திருந்தாலும், வீட்டைக் காப்பாற்ற ஒருவர் பெயர் கொடுத்தாக வேண்டும். எந்தப் பிள்ளை என்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லாமல் போன வீடுகள் நமக்குத் தெரியும். மருமகள் வேலைக்கு வருவாளா என்று கேட்டுப் பெண் பார்க்கிறோம். இது குடும்பக் கதையா? 1877இல் பூஞ்ஞாறு அரசர் மன்றோ துரைக்கு இந்த மலையைக் கொடுத்ததிலிருந்து தொடங்கும் நிலக்கதை ஐயா இது! 1971இல் கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்கும் சட்டம் வந்தது. தேயிலை நின்ற நிலம் கம்பெனியிடம் தங்கியது. எஞ்சியது அரசுக்கு வந்தது. நிலமற்றவர்களுக்கு என்றார்கள். கொழுந்து பறித்த கைகளைவிட நிலமற்ற கை இந்த மலையில் வேறு எது இருந்தது?

ஓய்வு பெற்றவர்கள் சங்கரன்கோவில் பக்கமோ தேனிப் பக்கமோ, சேமநிதிப் பணத்தில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பிள்ளை மேலே, பெற்றோர் கீழே. அதன்பின் ஒவ்வொரு தேர்தலிலும் ‘இரட்டை வாக்குத் தமிழர்கள்’ என்று நம்மைச் சுட்டுகிறார்கள். எல்லைச் சோதனைச் சாவடிகளில் நம் பேருந்துகளை நிறுத்தி விரலைப் பார்க்கிறார்கள். இரண்டு இடத்தில் வாக்களிப்பது குற்றமே. அதற்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் இரண்டு பட்டியலில் பெயர் வந்ததே ஓர் இடத்தில்கூடக் குடியிருக்க உரிமை இல்லாததால்தானே? 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே சமயத்தில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியது. பழைய பட்டியலில் உன் பெயர் எங்கே, உன் பெற்றோர் பெயர் எங்கே என்று படிவம் கேட்டது. தகப்பன் பெயர் ஒரு மாநிலத்தில், தன் பெயர் ஒரு மாநிலத்தில் என்று கிடக்கிறவன் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு எத்தனை இரவு விழித்திருப்பான்?

இந்தக் கேள்வியை நம் இனம் முன்பே ஒருமுறை சந்தித்திருக்கிறது. இதே திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து ஒரு கூட்டம் போடி வழியாக இந்த மலை ஏறியது. இன்னொரு கூட்டம் மண்டபம் வழியாக இலங்கை போனது. அங்கே 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தானா, காகிதம் காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புக் காகிதம் ஏது? குடியுரிமை போயிற்று, 1949இல் வாக்கும் போயிற்று. பின் 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து ஆட்களை எண்ணிப் பங்கு போட்டார்கள். கேரளத்தில் அப்படி நடந்துவிடும் என்று பயமுறுத்துவது நம் நோக்கமன்று. அரசியல் சட்டம் வேறு, காலம் வேறு. ஆனால் காகிதம் கேட்பவனின் குரல் நமக்குப் பழகிய குரல்.

இதைவிட நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. தேவிகுளம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. 2021இல் இங்கே வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஆ. ராஜா, மே 24ஆம் தேதி சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். நாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்தோம். பெருமையாக இருந்ததை மறைப்பானேன்? சில நாளில் அந்த உறுதிமொழி செல்லாது என்றார்கள். கடவுளின் பெயரால் என்றோ, உளமார என்றோ இருக்க வேண்டிய சொல் அதில் இல்லை. சொல்லை விட்டது அவரல்லர். அரசின் சட்டத்துறை தந்த தமிழாக்கத்திலேயே அந்தச் சொல் இல்லை. மீண்டும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. சபையில் உட்கார்ந்த நாட்களுக்கு, நாளுக்கு ஐந்நூறாக 2,500 ரூபாய் அபராதமும் உறுப்பினர்மேல் விழுந்தது. மொழிபெயர்த்த அலுவலகத்துக்கு என்ன அபராதம் என்று நாம் கேட்டபோது, கட்சி நண்பர்கள் “சிறிய விஷயம், எதிர்க்கட்சிக்குத் தீனி போடாதீர்கள்” என்றார்கள். தமிழிலும் கன்னடத்திலும் அரசுக்கு எழுதலாம், அந்த மொழியிலேயே பதில் பெறலாம் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சொல்லும் மாநிலத்தில், ஓர் உறுதிமொழியைச் சரியாகத் தமிழாக்க ஆளில்லை என்பது சிறிய விஷயமா?

அதோடு முடியவில்லை. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் வழக்குப் போட்டார். 2023 மார்ச் 20ஆம் தேதி கேரள உயர்நீதிமன்றம் தேர்தலைச் செல்லாததாக்கியது. ராஜா இந்து பறையர் அல்லர், கிறித்தவர். ஆகவே ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்க உரிமையில்லை என்பது தீர்ப்பு. குண்டளைக் கோவிலின் பதிவேடுகளும் அவருடைய கல்யாணப் புகைப்படமும் நீதிமன்றத்தில் சாட்சிகளாயின. மணமக்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பது வரை ஆராயப்பட்டது. மேல்முறையீட்டில் ஒரு காலம், சபையில் உட்காரலாம் ஆனால் வாக்களிக்கக் கூடாது, படி வாங்கக் கூடாது என்ற நிலையில் நம் தொகுதி கிடந்தது. 2025 மே 6ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளித் தேர்தல் செல்லும் என்றது.

அந்த உறுப்பினர் நல்லவரா அல்லவா என்பது நமக்கு இங்கே பொருட்டன்று. அந்த வழக்கு நடந்த ஆண்டுகளில் லயங்களில் எத்தனை குடும்பங்கள் தங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து உள்ளே பூட்டின தெரியுமா? நம் வீடுகளில் அம்மா வேளாங்கண்ணிக்குப் போவாள், அப்பா சபரிமலைக்கு மாலை போடுவார். ஒரே பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியின் குடியரசுத் தலைவர் ஆணை, முதலில் இந்துவுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழி திறந்தது. கும்பிடும் இடத்தை மாற்றிய பறையனை, பக்கத்து வீட்டுக்காரன் பறையன் என்று அழைப்பதை நிறுத்தினானா? கங்காணி அவனை வேறு வரிசையில் நிறுத்தினானா? அதைக் கேட்கும் வழக்கு 2004 முதல் உச்சநீதிமன்றத்தில் கிடந்தது. 2022இல் ஒரு கமிஷன் போட்டார்கள். இத்தோடு, அந்த 1950 தேதிக்கு முன்பே உன் குடும்பம் கேரள மண்ணில் இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்ற கேள்வி சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும் நம் பிள்ளைகளின் முகத்தில் எறியப்படுகிறது. வழக்குப் போட்ட காங்கிரசும் நம் வீட்டில் வாக்குக் கேட்கிறது. உறுப்பினரைக் காப்பாற்றிக்கொண்ட மார்க்சிஸ்டும் நம் வீட்டில் வாக்குக் கேட்கிறது. உறுப்பினருக்கு வந்த ஆபத்து நம் பிள்ளைகளுக்குத் தினமும் இருக்கிறதே, அதற்கென்ன என்று கேட்டால், தேர்தல் முடியட்டும்!

நம் வாய் திறந்தால் எதிரிக்குத்தான் லாபம் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. எதிரி இருக்கிறான். மலைக்குக் கீழே ‘தேவிகுளம் பீர்மேட்டை மீட்போம்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் நம் துன்பத்தை எடுத்துத் தங்கள் தோளில் துண்டாகப் போட்டுக்கொள்கிறார்கள். 1954இல் நேசமணியும் தோழர்களும் தடையை மீறி இங்கே வந்து கைதானதில் தியாகம் இருந்தது. குளமாவது மேடாவது என்று காமராசர் சொன்னதாக ஒரு பேச்சை எழுபது ஆண்டாக மென்றுகொண்டிருப்பதில் என்ன இருக்கிறது? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுக்காகச் சமவெளியில் முழங்கினார்கள். இரவோடிரவாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே போடிக்கு இறங்கியவர்கள் இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள். இவர்களிடமும், மதத்தைக் காட்டி நம்மைப் பிரிக்க வருகிறவர்களிடமும் நாம் போகப்போவதில்லை. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி நம் வாயை அடைப்பதையும் ஏற்கப்போவதில்லை.

இது நம் மலைக்கு மட்டும் வந்த வியாதியன்று. 2024இல் அமெரிக்காவில் கமலா ஹாரிஸ் நின்றபோது, அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஊரான துளசேந்திரபுரத்தில் பூசை நடந்ததை நம் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அவர் கட்சிக்குள் நடந்த வேறொன்றைக் காட்டவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்தின் உட்கட்சித் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ‘எவருக்கும் உறுதியில்லை’ என்று குறித்தார்கள். காசாவில் குண்டு விழுவதை நிறுத்தச் சொல், பிறகு வாக்குக் கேள் என்பது அவர்கள் பேச்சு. அரபு வம்சத்தார் மிகுந்த டியர்பார்ன் நகரில் பலருக்கு அது தங்கள் சொந்தக்காரர் வீட்டின்மேல் விழுந்த குண்டு. அவர்களுக்கும் இதே ஆலோசனை கிடைத்தது: இப்போது பேசாதே, டிரம்ப் வந்துவிடுவான். நவம்பரில் டிரம்ப் வந்தார்; டியர்பார்னிலேயே அவர் முந்தினார். உடனே பழி கேட்டவர்கள்மேல் போட்டார்கள். பிப்ரவரியில் சொன்னதை நவம்பர்வரை ஒன்பது மாதம் கேட்காமல் இருந்தவர்கள் யார் என்று நாம் கேட்கிறோம். முன்கூட்டிச் சொன்னவன் காட்டிக்கொடுத்தவனா?

ஆகவே நம் சங்கத்தார் செய்ய வேண்டியது இது. அடுத்த முறை எந்த முன்னணியின் வேட்பாளர் லயத்து வாசலுக்கு வந்தாலும், மாலை போடுமுன் மூன்றைக் கேளுங்கள். ஓய்வு பெறும் தொழிலாளிக்கு இந்த மலையிலேயே பட்டாவோடு மனை எங்கே, எந்த சர்வே எண்ணில்? 1950க்கு முன் இங்கே வேலை செய்ததற்குத் தோட்டத்து ஆள்பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் சான்றாக ஏற்க அரசாணை போடுவீரா? கம்பெனி ஆபீசுகளில் செல்லரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பழைய ஏடுகளைத் தாலுகா ஆபீசுக்கு நகல் எடுத்துக் கொடுக்கச் சொல்வீரா? பதிலை வாயால் வாங்காதீர்கள். அவர் கொண்டுவந்த துண்டறிக்கையின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போடாவிட்டால் துண்டறிக்கையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பக்கத்தில் நம் நண்பர் நின்று கையைப் பிசைவார். அவருக்கு ஒரு கட்டன்சாயா கொடுங்கள்.